வீடியோ காலில் சர்க்கரை நோயைப் பார்த்துக்கொள்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

சர்க்கரை நோய்க்கு டாக்டரை வீட்டிலிருந்தபடியே பார்ப்பது சரிப்படுமா என்று கேட்டால், வேறு பல நோய்களைவிட இதற்கு நன்றாகவே சரிப்படும் என்பேன். வயிற்று வலி என்றால் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தாக வேண்டும். சர்க்கரையில் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதைப் பெரும்பாலும் எண்களை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள், அந்த எண்கள் கிடைப்பதோ உங்கள் வீட்டில், உங்கள் விரல் நுனியிலிருந்து. நிறைய ஆலோசனைகள் வீணாகப் போவதற்கும் இதுதான் காரணம். "சுகர் எப்படி இருக்கு?" "பரவாயில்ல டாக்டர், ஏறி இறங்கிட்டு இருக்கு." இதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பழைய மருந்தையே தொடரச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல், போனை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில், உங்களுக்கு இது பொருந்துமா?

டைப் 2 உள்ளவர், மாத்திரையிலோ நிலையான இன்சுலின் அளவிலோ இருப்பவர், ஒரு முறையாவது டாக்டர் நேரில் பார்த்துப் பரிசோதித்தவர் என்றால் தாராளமாகத் தொடங்கலாம். முதல் சந்திப்பு நேரில் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. காலைத் தொட்டுப் பார்ப்பது, நாடித்துடிப்பைப் பார்ப்பது, பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டுவது எல்லாம் அதில் முடிந்துவிடும், அதன் பிறகு திரையில் பேசுவது இருவருக்கும் சுலபம்.

டைப் 1 புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள், கர்ப்ப காலத்தில் சர்க்கரை உள்ளவர்கள், காலில் புண் உள்ளவர்கள், காரணமே தெரியாமல் மளமளவென்று எடை குறைபவர்கள், இவர்கள் திரையை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. நேரில் போவதற்கு நடுவே வீடியோவில் பேசிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பார்வை திடீரென்று மங்கினாலும் நெஞ்சு வலித்தாலும் அப்பாயின்ட்மென்ட் தேடிக்கொண்டு உட்காராமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

செயலி அழகாக இருக்கிறதா என்பதைவிட மூன்று விஷயங்கள் முக்கியம். அடுத்த முறையும் இதே டாக்டர்தான் வருவாரா? இரண்டு ஆலோசனைகளுக்கு நடுவில் எண்களை அனுப்பினால் யாராவது பார்ப்பார்களா, எத்தனை நாளில்? ராத்திரி அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது? ஒவ்வொரு முறையும் புது டாக்டர் வந்து முதலிலிருந்து கதை கேட்கும் சேவை சளி காய்ச்சலுக்குச் சரி. ஆண்டுக்கணக்கில் கூடவே வரும் நோய்க்கு அது உதவாது. டாக்டரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. இன்சுலினை நிறுத்திவிடுங்கள், இந்தப் பொடியில் அடியோடு குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்க வேண்டிய கருவிகள்

குளுக்கோமீட்டர், மேல் கையில் சுற்றும் பட்டையுள்ள பிரஷர் மெஷின், எடை பார்க்கும் மெஷின். இந்த மூன்றும் போதும்.

மீட்டரை எடுத்ததும் முதல் வேலையாக அதில் தேதியையும் நேரத்தையும் சரிசெய்யுங்கள். கடிகாரம் தவறாக இருந்தால் காலை எண் மாலை எண்ணாகப் பதிவாகும், டாக்டர் படிக்கும் கதையே மாறிவிடும். அலகையும் பாருங்கள். சில மீட்டர்கள் மில்லிகிராம் கணக்கில் காட்டும், சில மில்லிமோலில் காட்டும். மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வந்துவிடும், அதாவது 7 என்றால் 126.

அப்புறம், மீட்டர் எவ்வளவு துல்லியம் என்று தெரிந்துகொண்டால் வீண் பதற்றம் குறையும். மீட்டர்களுக்காக 2013இல் வந்த ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரத்தின்படி, 100 அளவீடுகளில் குறைந்தது 95 லேப் மதிப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்: 100க்குக் கீழே இருந்தால் 15 புள்ளிக்குள், 100ம் அதற்கு மேலும் என்றால் 15 சதவீதத்துக்குள். ஆக, ஒரே நேரத்தில் இரண்டு முறை குத்திப் பார்த்து 140, 152 என்று வந்தால் மீட்டர் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. லேபுக்குப் போகும்போது மீட்டரையும் எடுத்துப்போய், வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்த கையோடு விரலிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இரண்டு எண்களும் ரொம்பவே தள்ளியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை விடாமல் அளக்கும் சென்சார் வசதிப்பட்டால் நல்லதுதான், குறிப்பாக ஒரு நாளில் பல முறை இன்சுலின் போடுபவர்களுக்கு. டாக்டர் தன் கணினியிலேயே உங்கள் வரைபடத்தைப் பார்த்துக்கொள்வார். 14 நாள் பதிவு, அதில் குறைந்தது 70 சதவீத நேரம் சென்சார் வேலை செய்திருந்தால்தான் அந்த ரிப்போர்ட் நம்பும்படி இருக்கும். சென்சார் நேரடியாக ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் உள்ள திரவத்தை அளக்கிறது. அதனால் சர்க்கரை வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடங்கள் பின்தங்கும். சென்சார் ஒட்டியிருக்கும் பக்கமாகவே படுத்துத் தூங்கினால் அழுத்தத்தில் பொய்யாக லோ (சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது) காட்டும். உடம்பு சொல்வதும் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் விரலில் குத்திப் பார்த்துவிடுவதுதான் ஒரே வழி.

அளப்பது: ஆலோசனைக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள்

இந்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் உரித்த கையோடு பார்த்தால் இல்லாத சர்க்கரையெல்லாம் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்தே போடாதீர்கள், ஈரம் பட்டால் ஸ்ட்ரிப் கெட்டுப்போகும். காலாவதி தேதியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எப்போது பார்ப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து, அதுவே முழு நிலவரம் என்று நினைத்துக்கொள்வார்கள். காலை எண் நன்றாக இருந்தும் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சதவீதத்தில் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8க்கு மேல் வந்தால், பகலில் எங்கோ ஏறுகிறது என்று பொருள். ஸ்ட்ரிப்பை வீணாக்காமல் இதைப் பிடிக்க ஜோடியாகப் பாருங்கள்: ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. ஒரு நாள் காலை, மறுநாள் மதியம், அடுத்த நாள் இரவு என்று சுற்றி வந்தால் இரண்டு வாரத்தில் எல்லா வேளைக்கும் நாலைந்து ஜோடி சேர்ந்துவிடும். இன்சுலின் போடுபவர்கள் டாக்டர் சொன்னபடி இன்னும் அதிகமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

பெரும்பாலான பெரியவர்களுக்குச் சொல்லப்படும் பொதுவான இலக்கு, சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180க்குள், எச்பிஏ1சி 7க்குள். வயதானவர்களுக்கும் அடிக்கடி லோ ஆகிறவர்களுக்கும் இதைத் தளர்த்துவார்கள், 8 வரைகூட விடுவார்கள். உங்கள் இலக்கு என்ன என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் எண்ணை மட்டும் குறித்தால் பாதிதான். என்ன சாப்பிட்டீர்கள், நடந்தீர்களா, மாத்திரை விட்டதா, தூக்கம் கெட்டதா, காய்ச்சலா என்று பக்கத்தில் நாலு வார்த்தை எழுதுங்கள். காலைச் சர்க்கரை அதிகம் என்பதையே எடுத்துக்கொள்வோம். படுக்கும்போது 210, விடியற்காலை 3 மணிக்கு 200, காலையில் 205 என்றால், இரவுச் சாப்பாட்டில் ஏறியது அப்படியே நின்றிருக்கிறது. படுக்கும்போது 118, மூன்று மணிக்கு 121, காலையில் 165 என்றால், விடியும் நேரத்தில் உடம்பு சுரக்கும் ஹார்மோன்கள் ஏற்றியிருக்கின்றன. மூன்று மணிக்கு 62 என்று வந்தால் கதையே வேறு: ராத்திரி மருந்து அதிகமாக இருக்கலாம், காலை எண்ணை மட்டும் பார்த்து இன்னும் கூட்டினால் ஆபத்து. மூன்றிலும் காலை எண் அதிகம்தான், ஆனால் டாக்டர் செய்யப்போவது மூன்று வெவ்வேறு வேலை. காலை எண் அடங்கவே மாட்டேன் என்கிறதா, ஒன்றிரண்டு நாள் அலாரம் வைத்து மூன்று மணிக்கு எழுந்து பாருங்கள். தூக்கம் கெடும்தான், ஆனால் அது சொல்வதை வேறு எந்த எண்ணும் சொல்லாது.

பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதங்கள் தரையில், கை நெஞ்சு உயரத்தில், பட்டை சட்டைக்கு மேல் அல்லாமல் தோலின் மேல். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் குறியுங்கள்.

ஒரு நாள் முன்பே அனுப்ப வேண்டியது

அறுபது போட்டோ அனுப்பாதீர்கள், எந்த டாக்டரும் அவ்வளவையும் திறந்து பார்க்க மாட்டார். லேப் ரிப்போர்ட், நோட்டுப் பக்கம், மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக்கி, மேலே ஒரு சிறு குறிப்பு வையுங்கள். இப்படி இருக்கலாம்:

"வயது 58, டைப் 2, 11 வருடமாக. மெட்ஃபார்மின் 1000 மி.கி. காலை, இரவு. கிளிமெபிரைடு 2 மி.கி. காலைச் சாப்பாட்டுக்கு முன். இரண்டு மாதம் முன் எச்பிஏ1சி 8.1. கடந்த 14 நாளில் வெறும் வயிற்றில் 118 முதல் 146. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஐந்து முறை பார்த்ததில் நாலு முறை 220க்கு மேல். இரண்டு முறை லோ ஆனது, 64, 61, இரண்டும் மதியச் சாப்பாடு தள்ளிப்போன நாளில். இரவு மெட்ஃபார்மின் வாரத்தில் இரண்டு நாளாவது விட்டுவிடுகிறேன், வயிறு கடமுடா என்கிறது. பிரஷர் சராசரி 138/84. கேள்வி: இரவு ஏறுவதற்கு என்ன செய்வது? லோ ஆகாமல் இருக்க என்ன மாற்றலாம்?"

இதைப் படிக்க ஒரு நிமிடம் ஆகாது. எச்பிஏ1சி 8.1 என்பதை மட்டும் பார்த்திருந்தால் கிளிமெபிரைடைக் கூட்டலாமா என்றுதான் முதலில் தோன்றும். அந்த மருந்து லோ ஆக்கக்கூடிய வகை, மதியம் ஏற்கெனவே இரண்டு முறை லோ ஆகியிருக்கிறது, கூட்டினால் நிலைமை மோசமாகும். இரவு ஏறுவதற்கோ சாப்பாடு ஒரு காரணம், விட்டுப்போன மாத்திரை இன்னொரு காரணம். மாத்திரையை விடுவதற்கு வயிற்றுத் தொந்தரவுதான் காரணம் என்று எழுதியதால், மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மினுக்கு மாற்றலாமா என்று யோசிக்க இடம் கிடைக்கிறது. மாத்திரை விட்டதைச் சொல்லக் கூச்சப்படுபவர்கள் நிறைய பேர். நீங்கள் மறைத்தால், எல்லாம் ஒழுங்காகப் போட்டும் குறையவில்லை என்று நினைத்து டாக்டர் இன்னொரு மருந்தைச் சேர்த்துவிடுவார்.

நீங்கள் போடும் மற்ற எல்லா மருந்துகளையும் பட்டியலில் சேருங்கள், நாட்டு மருந்து, சத்து மாத்திரை உட்பட. மூட்டு வலிக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு எடுத்தால் கட்டாயம் சொல்லுங்கள், அது சர்க்கரையை நன்றாகவே ஏற்றிவிடும். ரத்தசோகை இருந்தாலும் அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் எச்பிஏ1சி சரியாகக் காட்டாமல் போகலாம், அதையும் குறிப்பிடுங்கள்.

பேசும் நேரத்தில்

வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருங்கள். மருந்து அட்டைகள், இன்சுலின் பேனா, மீட்டர், பேப்பர், பேனா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஏதாவது ரகசியமாகப் பேச வேண்டியிருந்தால் (ஆண்மைக் குறைவு, மன அழுத்தம், மதுப் பழக்கம் எல்லாமே சர்க்கரையோடு சம்பந்தப்பட்டவை) தனி அறைக்குப் போய்விடுங்கள், இல்லாவிட்டால் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லாமலே விட்டுவிடுவீர்கள்.

இன்சுலின் போடுபவர்கள், ஊசி போட்டுக்கொள்வதை டாக்டரிடமோ நர்ஸிடமோ நேரலையில் காட்டுங்கள். கிளினிக்கில் பெரும்பாலும் யாரும் இதைப் பார்ப்பதில்லை, வீடியோவில் அழகாகத் தெரியும். பேனாவில் புது ஊசி மாட்டி, இரண்டு யூனிட் காற்றில் விட்டுச் சொட்டு வருகிறதா என்று பார்த்து, குத்தி, பொத்தானை முழுக்க அழுத்திய பிறகு பத்து எண்ணும் வரை எடுக்காமல் இருக்கிறீர்களா? ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கட்டி மாதிரி தடித்திருக்கிறதா? அந்த இடத்தில் போடும் இன்சுலின் ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. சர்க்கரை காரணமே இல்லாமல் தாறுமாறாக ஆடும்போது முதலில் தடவிப் பார்க்க வேண்டியது அங்கேதான். ஆனால் தடித்த இடத்தை விட்டு நல்ல இடத்துக்கு மாறியதும் இன்சுலின் முழுசாக உள்ளே போகும், அதே அளவைப் போட்டால் லோ ஆகலாம். அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

பாதத்தையும் காட்டுங்கள். உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாம் தெரிய வேண்டும், போட்டோவாக முன்கூட்டியே எடுத்து அனுப்பினால் இன்னும் தெளிவு. ஏதாவது காயம் இருந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள், அடுத்த போட்டோவில் வளர்ந்திருக்கிறதா சுருங்கியிருக்கிறதா என்று ஒப்பிட முடியும்.

வைப்பதற்கு முன் டாக்டர் சொன்னதை உங்கள் வாயால் ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள்: "அப்போ, ராத்திரி 14 யூனிட்டை 12 ஆக்கணும், மாத்திரை அப்படியே, சரியா டாக்டர்?" நெட்வொர்க் இழுக்கும்போது பதினாலுக்கும் பதினாறுக்கும் காதில் வித்தியாசம் தெரியாது. எழுத்தில் மருந்துச் சீட்டு வந்த பிறகே புது அளவைத் தொடங்குங்கள்.

நடுவில் வரும் சிறு மாற்றங்கள்

நேரில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகும்போது கிடைக்காத வசதி ஒன்று இதில் உண்டு. ராத்திரி இன்சுலினைப் புதிதாகத் தொடங்கினால், காலை எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித்தான் சரியான அளவுக்கு வர முடியும். மூன்று நாளைக்கு ஒரு முறை 2 யூனிட் கூட்டுங்கள், இலக்கு வந்ததும் நிறுத்துங்கள், ஒரு முறை லோ ஆனாலும் உடனே குறைத்துவிட்டுச் சொல்லுங்கள் என்கிற மாதிரி டாக்டர் ஒரு விதி எழுதித் தருவது வழக்கம். உங்களுக்கான விதியை அவர்தான் எழுத வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரின் விதி உங்களுக்கு ஆகாது. வாரா வாரம் எண்களை அனுப்பினால், மாதக்கணக்கில் இழுக்கும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும். மருந்து மாறியவர்களும் இலக்கை எட்டாதவர்களும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எச்பிஏ1சி பார்க்க வேண்டும். நிலையாக இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை போதும்.

அவசரத்துக்கான திட்டம், முன்கூட்டியே

இதை முதல் ஆலோசனையிலேயே கேட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். 70க்குக் கீழே இறங்கினால், வேகமாக ஏறும் சர்க்கரை 15 கிராம் (குளுக்கோஸ், சர்க்கரைத் தண்ணீர், பழச்சாறு), 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் திரும்ப அதே அளவு. 54க்குக் கீழே போனது என்றால், சரியான பிறகும் டாக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். குளுகாகான் ஊசி (சர்க்கரையை வேகமாக ஏற்றும் அவசர மருந்து) வீட்டில் இருந்தால் அதை யார் போடுவது என்று முன்பே பழகிக்கொள்ளுங்கள்.

விடாத வாந்தி, வயிற்று வலி, ஆழமாக வேகமாக மூச்சு வாங்குவது, மூச்சில் பழ வாடை, ரத்தத்திலோ சிறுநீரிலோ கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்), இவை இருந்தால் வீடியோ காலுக்குக் காத்திருக்க வேண்டாம், நேரே மருத்துவமனைதான். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை போடுபவர்கள் ஒன்றைக் கவனமாக நினைவில் வையுங்கள்: உங்களுக்கு மீட்டர் பெரிதாக எதையும் காட்டாதபோதே கீட்டோன் ஏறியிருக்கலாம். சாப்பிட முடியாத காய்ச்சல், வயிற்றுப்போக்கு நாட்களில் எந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது, எதைத் தொடர்வது என்று நன்றாக இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். டைப் 1 உள்ளவர்கள் சாப்பிடாவிட்டாலும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை அடியோடு நிறுத்தவே கூடாது.

திரையில் முடியாதவை

விழித்திரையைப் பார்ப்பது, பாத உணர்வைச் சோதிப்பது (10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள்), சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின் (இரண்டும் கிட்னியின் நிலையைக் காட்டும்), கொழுப்பு, பல் பரிசோதனை. இவை பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறையாவது நேரில் செய்ய வேண்டியவை, ஏற்கெனவே பாதிப்பு இருந்தால் இன்னும் அடிக்கடி. வீடியோவில் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருப்பதாலேயே இவை தள்ளிப்போகும், அதுதான் இந்த முறையின் பெரிய பலவீனம். கண்ணும் கிட்னியும் கெடத் தொடங்கும்போது வலிக்காது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிக்கும்படி போனில் நினைவூட்டல் போட்டுவிட்டால் ஒரே அலைச்சலோடு போகும்.

பெரியவர்களுக்காக நீங்கள் செய்கிறீர்கள் என்றால்

அம்மாவுக்கோ மாமனாருக்கோ நீங்கள் செயலியைக் கையாளுகிறீர்கள் என்றால், முதல் ஐந்து நிமிடம் அவர்களைப் பேச விடுங்கள். பிள்ளைகள் முந்திக்கொண்டு பேசினால் ராத்திரி வியர்த்து எழுந்தது, கால் மரத்துப்போனது எல்லாம் வெளியே வராது. எண்களை அனுப்பும் பொறுப்பு வீட்டில் ஒருவரிடமே இருக்கட்டும், மூன்று பேர் அனுப்பினால் குழப்பம்தான். பழைய மருந்துகளைத் தனியாக எடுத்துவிடுங்கள், மாற்றிய மாத்திரையும் பழையதும் ஒரே டப்பாவில் கிடந்தால் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். செயலியை மாற்றும் முன்பும் டாக்டரை மாற்றும் முன்பும் எல்லா ரிப்போர்ட்டையும் சென்சார் பதிவையும் பிடிஎஃப்பாக இறக்கி உங்களிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை மூடிய பிறகு கேட்டால் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.